பனியை நம்பித் தெளித்த காராமணி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முழங்கால் வலியில் ஆரம்பித்து மருமகளில் முடிப்போம். எனக்கு இரண்டிலும் பெரிய குறை இல்லை, அதனால் வேறு ஒன்று சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். பேரன், ‘நீ சொல்லு பாட்டி, நான் டைப் பண்றேன்’ என்றான். அதையும் ஹிந்தியில்தான் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் வாய் வழியாகப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன்.

இப்போது சைனிக்புரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மௌலாலி பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. நடுவில் அவ்வளவு கட்டிடம். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. கடைசி வரிசையில் கடைசி வீடு. எங்கள் பின்வாசலோடு ரயில்வே நிலம் முடிந்து முள்வேலி, வேலிக்கு அந்தப்புறம் நெல்வயல், வயலுக்கு மேலே ஏரி. முன்வாசலில் கரிப்புகை நாற்றம், பின்வாசலில் சேற்று வாசனை. கொடியில் காயும் துணியில் இரண்டும் ஏறியிருக்கும்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து முதலில் அவர் மட்டும் வந்தார், பிறகு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்குப் பின்னால் பிறந்த தம்பி ஊரிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அப்பா எங்களைக் கூட்டிவந்தார், இடம் மாறினால் அம்மா தேறிவிடுவாள் என்று. அம்மா தேறவில்லை. சமைப்பாள், துவைப்பாள், அடுப்படி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் தெலுங்கும் உருதும். அம்மாவுக்கு ஒரு சொல் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

எனக்கு அப்படியில்லை. குழாயடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே வருஷத்தில் தெலுங்கு ஒட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியார் என்னை எழுப்பி வாய்ப்பாடு சொல்லச் சொல்வார், தெலுங்கிலேயே சொல்வேன். அதுதான் என் வாழ்க்கையில் ஒரு சபை என்னைத் திரும்பிப் பார்த்த காலம். அப்புறம் ஒரு நாள் அப்பா, “பாப்பா இனிமே பள்ளிக்கூடம் போக வேணாம். அம்மாவுக்குத் துணையா வீட்டுல இருக்கட்டும்” என்றார். என் சிலேட்டு மாவுப்பானைக்கு மூடியாயிற்று. அம்மாவுக்குத் துணை நான். எனக்கு யார் என்று அப்பா யோசித்திருக்க மாட்டார். கெட்ட மனிதர் இல்லை. சம்பள நாளில் தவறாமல் பூந்தி வாங்கி வருவார். ஆனாலும் அந்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

பின்பக்க வயலை ஒரு அம்மாள் பயிரிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. நிலம் பட்டேலுடையது, அதாவது ஊர்த் தலைவருடையது, இவள் குத்தகைக்காரி. காலில் வெள்ளித் தண்டை, நெற்றியில் பச்சை குத்து, முழங்கால் வரை ஏற்றிச் செருகின சேலை. நாங்கள் அவளை வயல்கார அம்மா என்போம். அவளுக்கும் என் அம்மாவுக்கும் பேச்சு தொடங்கினதே சண்டையில்தான். ஒரு நாள் அம்மா ஜன்னலில் இருந்தபடி, “பாப்பா, அவகிட்ட சொல்லு. களையை வேரோட புடுங்காம கிள்ளிக்கிட்டு நிக்கிறா. இவ எந்த ஊர் விவசாயி?” என்றாள்.

நான் வேலியோரம் போய், “களை வேரோட வருதான்னு அம்மா கேக்கறாங்க” என்று தெலுங்கில் சொன்னேன்.

வயல்கார அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். “ஜன்னல்ல உக்காந்து களை எடுக்கிற மகராசியை இன்னிக்குத்தான் பாக்கறேன். செப்பு பிட்டா, உங்கம்மாகிட்ட அப்படியே செப்பு.” செப்பு என்றால் சொல்லு. பிட்டா என்றால் பிள்ளை.

நான் அம்மாவிடம் வந்து, “சரி, வேரோட எடுக்கறேன்னு சொல்றாங்க” என்றேன்.

அன்றிலிருந்து அதுதான் என் உத்தியோகம். இந்தப் பக்கம் ‘சொல்லு பாப்பா’, அந்தப் பக்கம் ‘செப்பு பிட்டா’. நடுவில் நான் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுக் கொடுப்பேன். அம்மா ஜன்னலை விட்டுப் பின்வாசல் படிக்கு வந்தாள். பிறகு வேலி வரைக்கும் வந்தாள். வயல்கார அம்மா சேம்பு இலையில் தண்டுக்கீரை சுற்றிக் கொடுப்பாள், அம்மா கிண்ணத்தில் மோர்க்குழம்பு கொடுப்பாள். இருவரும் நாள் முழுக்க என்னிடம் பேசினார்கள். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பத்து வயசுக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வருஷம் மழை பாதியில் நின்றது. ஏரி நிறையவில்லை. நட்ட நெல் எப்படியோ கதிர் வாங்கிவிட்டது, ஆனால் அடுத்த போகத்துக்கு மதகு திறக்க மாட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கிணறு உள்ளவர்கள் கீரை போடுவார்கள், தக்காளி போடுவார்கள். வயல்கார அம்மாவுக்குக் கிணறு இல்லை. எப்போதும் அப்படித் தண்ணீர் இல்லாத வருஷம் வயலைச் சும்மா போட்டுவிட்டுக் கூலிக்குப் போவாள். இந்த முறை அது முடியாது. ஊர் முழுக்கப் புதிது புதிதாகக் கவர்மெண்டு ஃபேக்டரியும் குவார்ட்டர்ஸும் எழும்பிக்கொண்டிருந்தன, செங்கலுக்கு அப்படி ஒரு கிராக்கி. சூளைக்காரர் ஒருவர் பட்டேலிடம் வந்து, இந்த வயல் மண் செங்கலுக்கு நல்ல மண், கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மண்ணைத் தோண்டினால் அப்புறம் வயல் ஏது, பள்ளம்தான்.

வயல்கார அம்மா எங்கள் பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. “பட்டேல் கால்ல விழுந்தேன். அவன் சொல்றான், ஹோலி வரைக்கும் வயல்ல ஏதாவது பச்சையா நின்னா தோண்ட விடமாட்டேன், அறுத்த நெல்லோட வெறும் தாளு நின்னா விட்டுடுவேன்னு. ஊரார் முன்னால சொன்னான். தண்ணி இல்லாம பச்சைக்கு நான் எங்க போவேன்? செப்பு பிட்டா.”

சொன்னேன். இதில் எடுக்க முள் ஒன்றும் இல்லை.

அம்மா வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மாறினது. ஊரை விட்டு வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

“தண்ணி எதுக்கு? எங்க பக்கம் யாரு தண்ணி விட்டா? நெல்லு அறுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால, சேறு காயாம இருக்கையிலயே, நிக்கிற நெல்லுக்குள்ள பயறைத் தெளிச்சுடுவோம். அறுக்கையில கீழ முளைச்சு நிக்கும். அப்புறம் ஒண்ணும் வேணாம், பனியிலயே வந்துரும். மாசி பொறக்கறதுக்குள்ள காய் பறிக்கலாம். சொல்லு பாப்பா.”

வயல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “வெறும் பனியிலயா?”

“பனியிலதான். எங்கம்மா வீட்டுல உளுந்தும் பயறும் அப்படித்தான். கறிக்குன்னு ஒரு பக்கம் காராமணியும் தெளிப்போம். எனக்குத் தெரியாதா?”

அம்மாவிடம் ஒரு சுரைக்குடுவை இருந்தது. முற்றின சுரைக்காயைக் குடைந்து காயவைத்தது, வாயில் துணி அடைத்து மேலே சாணி பூசியிருக்கும். உள்ளே சாம்பல் கலந்து காராமணி விதை, அவள் அம்மா வீட்டு விதை. செம்பு நிறம், கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. இரண்டு ரயில் மாறி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். குவார்ட்டர்ஸில் போட இடம் இல்லை, ஆனாலும் ஆடி பிறந்தால் எடுத்துக் காயவைத்து மறுபடி சாம்பல் கலந்து அடைப்பாள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்து உடைத்தாள். கொஞ்சம் நமக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. அந்தக் குடுவையின் ஒரு சில்லை நான் பாண்டி ஆட வெகு நாள் வைத்திருந்தேன். எங்கே போயிற்றோ.

தெளித்த அன்று அம்மா முதல்முறையாக வேலியைத் தாண்டினாள். முள்ளை நான் தூக்கிப் பிடித்தேன், அவள் குனிந்து போனாள். நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது, கீழே சேறு வெண்ணெய் மாதிரி. கால் புதைந்ததும் அம்மா நின்றுவிட்டாள். விரல்களைச் சேற்றுக்குள் மடக்கி மடக்கி நீட்டினாள். “நம்ம ஊர் மண்ணுதான்டி” என்றாள். மடியிலிருந்து அள்ளி மணிக்கட்டைச் சுழற்றி வீசுவாள், விதை கதிரில் தங்காமல் சடசடவென்று உள்ளே இறங்கும். வயல்கார அம்மா பின்னாலேயே வரப்போரம் வெள்ளரி விதை ஊன்றிக்கொண்டு வந்தாள். பக்கத்து வயல்காரர்கள் கரையில் நின்று சிரித்தார்கள். “ஏம்மா, அறுக்கிறதுக்கு முன்னாலயே விதைக்கிறியே, நாத்து நடறதுக்கு முன்னால அறுப்பியா?” என்று ஒருவன் கேட்டான். என்ன சொன்னான் என்று அம்மா கேட்டாள். நல்லா வரும்னு சொல்றார் என்றேன்.

நெல் அறுத்துக் கட்டு தூக்கினதும் பார்த்தால், தாளுக்கு நடுவில் முளை. இரண்டு இரண்டு இலையாக வயல் பூராவும். வயல்கார அம்மா எங்கள் அம்மாவின் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. அப்பா வயலைப் பார்த்துவிட்டு, “பரவால்லையே, ஒன் ஊரையே இங்க கொண்டாந்துட்டியே” என்றார். அம்மா அன்றைக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

அப்புறம் மார்கழி வந்தது. குளிர் என்றால் அப்படிக் குளிர். அப்பா ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுமுன் கம்பளியோடு கிளம்புவார். அம்மா விடிகிற நேரத்தில் வேலி தாண்டிப் போய்க் குனிந்து இலையை உள்ளங்கையால் தடவுவாள். கையைத் திருப்பிப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். மறுநாளும் போவாள். ஊரில் இந்த மாசத்தில் வைக்கோல் போரிலிருந்து பனி சொட்டும், தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போக முடியாது. இங்கே குளிர் உதட்டை வெடிக்கவைத்தது, இலையை நனைக்கவில்லை. எங்கள் ஊருக்குக் கடல் எட்டும் தூரம் என்பதும், அந்த ஈரம்தான் பனியாக இறங்குகிறது என்பதும் ரொம்ப வருஷம் கழித்து எனக்கு யாரோ சொன்னார்கள். பாவம், அம்மாவுக்குப் பனி என்றால் எல்லா ஊரிலும் பெய்வது. அவள் மண்ணைத்தான் காலால் சோதித்தாள். வானத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சேறு இறுகி வெடித்தது. விரல் நுழைகிற வெடிப்பு, அப்புறம் கை நுழைகிற வெடிப்பு. முளைத்தது மஞ்சளாகித் தலை தொங்கிற்று. முளைக்காத விதையெல்லாம் வெடிப்புக்குள் விழுந்தது. வெள்ளரியைக் காடையும் மைனாவும் கிளறித் தின்றன. அம்மாவும் நானும் குழாயடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினோம். குழாயடியில் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். “குடிக்கிற தண்ணியை வயலுக்கு ஊத்தறியா, இது என்ன உங்கப்பன் ஏரியா?” என்று கேட்டார்கள். அதை நான் அம்மாவிடம் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலேயே புரிந்துவிட்டது. மறுநாள் அம்மா குடத்தை எடுக்கவில்லை.

சங்கராந்தி முடிந்து பட்டேல் வந்தார். வெள்ளை வேட்டி, கைத்தடி. வரப்பில் நடந்து, தாளைத் தடியால் தட்டிப் பார்த்தார். “ஹோலி வரைக்கும் எதுக்கு? இப்பவே தெரியுதே” என்றார். வயல்கார அம்மா எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மா ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். மாட்டு வண்டிகள் வந்தன. மண்வெட்டி விழுகிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கும். நடுவே சங்கு ஊதினால் மட்டும் கேட்காது.

அந்த நாட்கள்தான் மிகவும் நீளம். அம்மா மறுபடியும் பேச்சை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவார்கள். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சில நாள் பின்கட்டில் உட்கார்ந்து நானே இரண்டு பேராகவும் பேசிப் பார்ப்பேன். ‘சொல்லு பாப்பா.’ ‘செப்பு பிட்டா.’ சொல்ல என்ன இருக்கிறது?

மாசி கடைசியில் ஒரு நாள் காலை பின்கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வயல்கார அம்மா. கூடை இல்லை, தலையில் சும்மாடு மட்டும், உடம்பெல்லாம் மண். அவளுடைய வயலிலேயே அவள் செங்கல் சுமக்கிற கூலியாகச் சேர்ந்திருந்தாள். அம்மா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். “என்னைத் திட்ட வந்திருக்கா. திட்டட்டும். நீ மாத்தாம சொல்லு” என்றாள்.

வயல்கார அம்மா திட்டவில்லை. உள்ளே வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அப்படியே வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய் முள்ளைத் தூக்கினேன்.

பாதி வயல் பள்ளம். மீதிப் பாதியில் மண்ணைக் குழைத்து அறுத்த பச்சைச் செங்கல் வரிசை வரிசையாகப் பரப்பி, வெயிலில் வெடிக்காமல் இருக்க வைக்கோல் மூடியிருந்தது. அவள் வைக்கோலை இரண்டு கையாலும் விலக்கினாள். செங்கல் முளைத்திருந்தது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் இரண்டு, மூன்று, கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணைப் பிளந்துகொண்டு காராமணி. வெடிப்புக்குள் போன விதையெல்லாம் மண்ணோடு குழைபட்டு, தண்ணீர் கண்டதும் எழுந்துவிட்டது. அம்மா மண்டியிட்டு ஒரு முளையில் ஒட்டியிருந்த தோலை எடுத்துப் பார்த்தாள். செம்பு நிறம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

சூளைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். “க்யா அம்மா, என் செங்கல்லுல விவசாயமா? நக்கோ, நக்கோ! வேணாம்! ஓட்டை விழுந்தா எவன் வாங்குவான்?” கூலிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வண்டிக்கணக்குப் பார்க்கப் பட்டேலும் வந்திருந்தார். வயல்கார அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். “ஹோலி இன்னும் வரலை பட்டேல். பச்சை நிக்குது பாரு. ஊரார் முன்னால சொன்ன வார்த்தை.”

பட்டேல் குனிந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. “பச்சைதான். நான் இல்லைன்னு சொல்லலை” என்றார். பிறகு தடியால் பள்ளத்தைக் காட்டினார். “ஆனா வயல் எங்க?”

வண்டிகளை எண்ணிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தப் பள்ளத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் தேங்கி எருமைகள் படுத்தன. மழை தொடங்கிச் சூளை நின்றதும் வயல்கார அம்மா கீசரா பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளத்தைத் தூர்த்து இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்றைக்குச் சூளைக்காரர், சாயங்காலத்துக்குள் எல்லா முளையையும் கிள்ளிவிட்டுக் கல்லைத் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டார். வயல்கார அம்மா உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தாள். அம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன், வழக்கமான இடம்.

அம்மா முளையைக் கிள்ளிக்கொண்டே, “வேரோட எடுடி, நீ களை எடுக்கிற மாதிரி கிள்ளாதே” என்றாள், தமிழில். நான் தெலுங்கில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வயல்கார அம்மா தெலுங்கில், “ஜன்னல்லயே உக்காந்து சொல்லு போ” என்றாள். அம்மா சிரித்தாள். புரிந்துதான் சிரித்தாள். அப்புறம் இருவரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தி வயலைச் சொல்லியிருப்பாள், ஒருத்தி என் தம்பியைச் சொல்லியிருப்பாள். நடுநடுவே அழுதார்கள். நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன், யாராவது திரும்பி ‘சொல்லு’ என்பார்கள் என்று. மடி நிறைந்ததும் இரண்டு பேரும் எழுந்து வேலிப் பக்கம் நடந்தார்கள். முள்ளை வயல்கார அம்மா தூக்கிப் பிடித்தாள்.

மத்தியானம் அந்த முளையைப் பருப்போடு வேகவைத்து அம்மா கூட்டு செய்தாள். மண் வாசனை போகவில்லை, பல்லில் லேசாக நறநறத்தது. வயல்கார அம்மா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து முதல்முறையாகச் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை அம்மா கரண்டியைக் கொண்டுபோனபோது தட்டின் மேல் கையைக் கவிழ்த்து, “போதும்மா” என்றாள்.

தமிழில். அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.